48 வளைவும் நாலு சக்கர ஸ்டீயரிங்கும்!

ஜப்பான்னு சொன்னதும் டோக்கியோ, புல்லட் ரயில், ஃபியூஜி மலை... இதெல்லாம்தானே ஞாபகத்துக்கு வரும்? கார் கிறுக்கு பிடிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க, வேற ஒரு பெயர் சொல்வாங்க. தோச்சிகி! டோக்கியோவுக்கு வடக்கே இருக்கிற மாகாணம். ஹோண்டாவோட கார் ஆராய்ச்சி மையம் இங்கேதான் இருக்கு. நிஸான் ஜிடி-ஆர் ஆர்35 உருவான தொழிற்சாலையும் இங்கேதான். எல்லாத்துக்கும் மேல, 'இரோஹாஸாகா'ன்னு ஒரு மலைப்பாதை இருக்கு. 'இனிஷியல் டி' காமிக்ஸ் படிச்சவங்களுக்கு இந்நேரம் காதுல டயர் சத்தம் கேட்க ஆரம்பிச்சிருக்கும்!

இந்த வாரம் அங்கேதான் ஒரு ரவுண்டு போறோம். சும்மா போகலை, கையோட ஒரு கேள்வியையும் எடுத்துட்டுப் போறோம். ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபேவுக்கு நாலு சக்கரமும் திரும்புற ஸ்டீயரிங் நிஜமாவே தேவையா? இல்லை, பின்னாடி '4டபிள்யூஎஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டிக்கிற பந்தா மட்டும்தானா?

(நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போற ஃபோர் வீல் டிரைவ் வேற, நாலு சக்கரமும் திரும்புற ஃபோர் வீல் ஸ்டீயரிங் வேற. குழப்பிக்காதீங்க!)

குதிரை திரும்பிய இடம்

டோக்கியோவின் அசகுஸா ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினா, சுமார் ரெண்டு மணி நேரத்துல நிக்கோ. ஊருக்குள்ள தோகுகவா இயேயாசுவின் சமாதிக் கோயிலும், உலகப் புகழ் பெற்ற 'மூன்று குரங்கு' மரச் சிற்பமும் இருக்கு. கும்பிட்டுட்டு, குரங்குகளுக்கு ஒரு ஹாய் சொல்லிட்டு மேல கிளம்புங்க.

மலை அடிவாரத்துல உமாகயேஷின்னு ஒரு இடம். 'குதிரை திரும்புமிடம்'னு அர்த்தம். ஒரு காலத்துல இது புனித மலைக்குப் போற பாதை. குதிரைகளுக்கு இதுக்கு மேல அனுமதி கிடையாது. இன்னிக்கு அதே இடத்துலேர்ந்துதான் பல நூறு குதிரை சக்தி கார்கள் மேல ஏறுது. காலத்தோட குறும்பைப் பாருங்க!

இரோஹாஸாகா ஒரே ரோடு இல்லை, ரெண்டு ரோடு. 1954-இல் திறந்தது இப்போ இறங்குறதுக்கு மட்டும், 28 வளைவு. 1965-இல் திறந்தது ஏறுறதுக்கு மட்டும், 20 வளைவு. ரெண்டும் ஒருவழிப் பாதை. மொத்தம் 48. 'இ, ரோ, ஹா' என்பது ஜப்பானியரின் பழைய எழுத்து வரிசை, நம்ம 'அ, ஆ, இ' மாதிரி. ஒவ்வொரு வளைவிலும் ஒரு எழுத்து எழுதின பலகை நிக்கும். மலை ஏறி இறங்கினா ஒரு மொழியோட எழுத்துகளையே ஸ்டீயரிங்கால எழுதி முடிச்ச மாதிரி!

உச்சியில 1,269 மீட்டர் உயரத்துல சூசென்ஜி ஏரி. பக்கத்துலயே 97 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுற கேகோன் அருவி. ஜில்லுனு காத்து. ஆனா நாம வந்த வேலை வேற. ரோட்டைப் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் இல்லாத மூளை

1987-இல் ஹோண்டா, மூன்றாம் தலைமுறை ப்ரெலூட் கூபேவை நாலு சக்கர ஸ்டீயரிங்கோட விற்பனைக்கு இறக்கிச்சு. அதுல இருந்த ஐடியா இருக்கே... மெக்கானிக்கல் பசங்க எழுந்து நின்னு கை தட்டலாம்.

பின் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பணும்? வேகமா போகும்போது முன் சக்கரம் திரும்புற அதே பக்கம் கொஞ்சூண்டு திரும்பினா, கார் ஆட்டம் இல்லாம நிதானமா இருக்கும். மெதுவா போகும்போது எதிர்ப் பக்கம் திரும்பினா, கார் சின்ன வட்டத்துலேயே வளைஞ்சுடும். அப்போ காருக்கு வேகம் தெரியணும், சென்சார் வேணும், கம்ப்யூட்டர் வேணும்... இல்லையா?

வேண்டாம்னு சொன்னாங்க ஹோண்டா இன்ஜினீயர்கள். யோசிச்சுப் பாருங்க... நூறு கிலோமீட்டர் வேகத்துல போறவர் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்புவார்? இத்தனூண்டு. பார்க்கிங்ல நிறுத்துறவர்? சுத்தோ சுத்துன்னு சுத்துவார். அப்படின்னா ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புதுங்கிறதை வெச்சே கார் வேகமா போகுதா, மெதுவா போகுதான்னு கண்டுபிடிச்சுடலாமே!

முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் ஒரு நீளமான ஷாஃப்ட். பின்னாடி ஒரு கியர் பெட்டி. அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை சுமார் 130 டிகிரி திருப்புற வரைக்கும் பின் சக்கரங்கள் அதே பக்கம் போகும், அதிகபட்சம் 1.5 டிகிரி. அப்புறம் திரும்பி வந்து, சுமார் 240 டிகிரியில நேராகிடும். அதையும் தாண்டிச் சுத்தினா எதிர்ப் பக்கம், 5.3 டிகிரி வரைக்கும். ஒரு சிப் கிடையாது, ஒரு புரோகிராம் கிடையாது. கியரே மூளை!

கணக்கு போடுவோமா?

இப்போ அந்த ப்ரெலூட்டை இரோஹாஸாகாவுக்குக் கொண்டு வருவோம். கொண்டை ஊசி வளைவுல நாலு சக்கரமும் திரும்பினா அசத்தலா இருக்கும்னுதானே தோணுது? ஒரு நிமிஷம், பேனாவை எடுங்க.

ப்ரெலூட்டோட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 2.565 மீட்டர். வளைவோட ஆரம் 12 மீட்டர்னு வெச்சுக்கோங்க. இந்த வளைவை எடுக்க முன் சக்கரம் சுமார் 12 டிகிரி திரும்பணும். ஸ்டீயரிங் 15 டிகிரி சுத்தினா சக்கரம் 1 டிகிரி திரும்பும்னு வெச்சா, கையில 180 டிகிரி. அரைச் சுற்று.

180 எங்கே வருது பார்த்தீங்களா? 130-க்கும் 240-க்கும் நடுவுல! பின் சக்கரங்கள் இன்னும் எதிர்ப் பக்கம் போகவே ஆரம்பிக்கலை. இன்னும் அதே பக்கம்தான் கொஞ்சமா சாய்ஞ்சு நிக்குது. உதவி பண்றதுக்குப் பதிலா, 'இன்னும் கொஞ்சம் திருப்புப்பா'ன்னு டிரைவர்கிட்டயே வேலை வாங்குது.

எந்த இடத்துக்காக நாலு சக்கர ஸ்டீயரிங் வேணும்னு ஆசைப்படுறோமோ, அந்த இடத்துலதான் அது கிட்டத்தட்ட லீவு போட்டுடுது. மலை வளைவுங்கிறது வேகமும் இல்லை, பார்க்கிங்கும் இல்லை, நடுவாந்தரம். ஸ்டீயரிங் கோணத்தை மட்டும் நம்பின அந்த மூளைக்கு இந்த நடுவாந்தரம் புரியலை.

ஜெயிச்ச இடம் ரெண்டு

அப்போ வேஸ்ட்டா? அவசரப்படாதீங்க. மலையை விட்டு இறங்கி, நிக்கோவுக்கும் உத்சுனோமியாவுக்கும் நடுவுல இருக்கிற கட்டணச் சாலைக்கு வாங்க. இங்கே லேன் மாத்தும்போதுதான் ஆட்டமே.

சாதாரண காருக்கு முதல்ல முன் சக்கரம் திரும்பும். அப்புறம் வண்டி உடம்பு திரும்பும். அதுக்கப்புறம்தான் பின் டயருக்கு விஷயம் தெரிஞ்சு பக்கவாட்டுல பிடிக்க ஆரம்பிக்கும். கடைசி பெஞ்ச் ஆளுக்கு ஜோக் லேட்டா புரியுற மாதிரி! அதே பக்கம் திரும்புற பின் சக்கரம் இந்தத் தாமதத்தைக் குறைக்குது. 1987-இல் அமெரிக்காவின் 'ரோட் அண்ட் டிராக்' பத்திரிகை, கூம்புகளுக்கு நடுவே வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுற ஸ்லாலம் டெஸ்ட் வெச்சப்போ, ப்ரெலூட் மணிக்கு 65.5 மைல் வேகத்துல போச்சு. பெரிய இன்ஜின் கார்வெட்? 64.9 மைல். சின்னப் பையன் பெரிய பயில்வானை மண்ணைக் கவ்வ வெச்ச கதை!

ரெண்டாவது இடம், பார்க்கிங். ஜப்பான்ல பெரும்பாலான இடங்கள்ல, நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ்கிட்ட சான்று வாங்காம காரைப் பதிவு பண்ணவே முடியாது. சந்தெல்லாம் ஒடுக்கம். அங்கே முழுசா ஸ்டீயரிங் உடைச்சா, 4டபிள்யூஎஸ் ப்ரெலூட்டோட திரும்பும் வட்டம் சாதாரண ப்ரெலூட்டை விட சுமார் ஒரு மீட்டர் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை... சுவரை ஒட்டி நிறுத்திட்டு முழுசா திருப்பி வெளியே எடுத்தீங்கன்னா, பின்பக்கம் சுவரை நோக்கி ஒதுங்கும். முன்னாடி மட்டும் பார்த்து ஓட்டினா 'கிர்ர்ர்'னு ஒரு கோடு கன்ஃபர்ம்!

ஜிடி-ஆர் சொல்லும் பதில்

தோச்சிகியில அடுத்த ஸ்டாப், கமினோகவா. நிஸான் தொழிற்சாலை இருக்கிற ஊர். 1985-இல் ஸ்கைலைன் ஆர்31-இல் 'ஹைகாஸ்'ங்கிற பெயர்ல ஹைட்ராலிக் பின் சக்கர ஸ்டீயரிங்கைக் கொண்டு வந்தது நிஸான்தான். 1989-இல் ஆர்32 ஜிடி-ஆர்ல 'சூப்பர் ஹைகாஸ்' வந்துச்சு. வளைவுக்குள்ள நுழையும்போது பின் சக்கரம் ஒரு நொடி எதிர்ப் பக்கம் போய் காரைத் திருப்பிவிடும், உடனே அதே பக்கம் வந்து நிலைநிறுத்தும். புத்திசாலித்தனம்தான்.

ஆனா அந்த கார்களை வாங்கினவங்கள்ல நிறைய பேர் என்ன பண்ணாங்க தெரியுமா? ஹைகாஸைக் கழட்டிட்டு, பின் சக்கரம் அசையாம இருக்க ஒரு லாக் கம்பியைப் போட்டாங்க! டிரிஃப்ட் பண்றவங்க சொல்ற காரணம் சிம்பிள். கார் வழுக்கும்போது பின்னாடி என்ன நடக்குதுன்னு கைக்குத் தெரியணும். நமக்குத் தெரியாம சக்கரம் தானா திரும்பினா நம்பிக்கை போயிடும். போதாக்குறைக்கு, பழசானா ஹைட்ராலிக் கசிவு, தேய்மானம், செலவு.

2007-இல் இதே தொழிற்சாலையிலேர்ந்து ஆர்35 ஜிடி-ஆர் வெளியே வந்தப்போ அதுல ஹைகாஸ் இல்லை. 2025 ஆகஸ்ட்ல கடைசி ஆர்35 வெளியேறுற வரைக்கும் பின் சக்கரம் திரும்பவே இல்லை. ப்ரெலூட் கதையும் அதே ரூட்தான். 1991-இல் எலெக்ட்ரானிக் 4டபிள்யூஎஸ், 2001-இல் காரே நின்னு போச்சு. 2025-இல் அதே பெயர்ல ஹைபிரிட் கூபேவா திரும்பி வந்துச்சு. திரும்பி வந்தது கார் மட்டும்தான், திரும்புற பின் சக்கரம் வரலை!

ஏன்? இந்த இடைவெளியில டயர்கள் நல்லாயிடுச்சு. சஸ்பென்ஷன் வடிவமைப்பு முன்னேறிடுச்சு. சறுக்கும்போது தானா பிரேக் பிடிச்சுக் காப்பாத்துற எலெக்ட்ரானிக்ஸும் வந்துடுச்சு. சின்ன, லேசான கூபேவுக்கு இதுவே போதும்.

அப்போ போர்ஷே மட்டும் ஏன்?

ஒரே நிமிஷம், ஜெர்மனிக்கு எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம். ஊரே மறந்த நேரத்துல, 2013-இல் போர்ஷே தன்னோட 911 ஜிடி3-இல் பின் சக்கர ஸ்டீயரிங்கை வெச்சுது. காரணம் இருக்கு. அந்தத் தலைமுறை 911-ஓட வீல்பேஸ் முந்தையதை விட 100 மில்லிமீட்டர் அதிகம். நீளமான கார் நேர்ல நிம்மதி, வளைவுல சோம்பல். அதைச் சரிக்கட்டத்தான் இது. மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கீழ எதிர்ப் பக்கம், 80-க்கு மேல அதே பக்கம், அதிகபட்சம் 1.5 டிகிரி. வேகத்தை ஸ்டீயரிங் கோணத்தை வெச்சு ஊகிக்கலை, நேராவே அளக்குது.

மறுபடி இரோஹாஸாகா, அதே 12 மீட்டர் வளைவு, 30 கிலோமீட்டர் வேகம். இந்த வேகத்துல பின் சக்கரம் எதிர்ப் பக்கம். அந்த 1.5 டிகிரி முழுசா கிடைச்சா, முன் சக்கரம் 12-க்குப் பதிலா சுமார் 10 டிகிரி திரும்பினா போதும். கணக்குப்படி வீல்பேஸ் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் குறைஞ்ச மாதிரி. ப்ரெலூட் கோட்டை விட்ட அந்த நடுவாந்தர வளைவு இப்போ பாஸ்!

தீர்ப்பு

கார் நீளமா, கனமா, சக்தி ஜாஸ்தியா இருந்து, பின் சக்கரம் வேகத்தைப் பார்த்துத் திரும்புற ரகமா இருந்தா, தேவைதான். காசுக்கு மதிப்பு உண்டு. சின்ன, லேசான கூபேவா? வேண்டாம். அந்தக் காசுல நல்ல டயரும் நல்ல சஸ்பென்ஷனும் வாங்குங்க. பழைய 4டபிள்யூஎஸ் கார் மேல ஆசையா? அந்த ஐடியாவுக்காக வாங்குங்க, மலைக்காக வாங்காதீங்க.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு 'ஃபோர் வீல் ஸ்டீயரிங்'னு டைட்டில் எழுதி வெச்சிருக்கிற மெக்கானிக்கல் மக்களே, இது உங்களுக்கு. பின் சக்கரத்தை எதிர்ப் பக்கம் திருப்பிக் காட்டினா கை தட்டல் கிடைக்கும். ஆனா வைவாவுல யாராவது 'இதே வண்டி 80-ல போனா?'ன்னு கேட்டா பதில் வேணும். கியரால சொல்றீங்களோ, கோடால சொல்றீங்களோ, அந்தப் பதில்தான் உங்க புராஜெக்ட்!

போறவங்க கவனத்துக்கு

* அக்டோபர் பின்பாதியில இலையெல்லாம் சிவப்பாகி மலையே தீப்பிடிச்ச மாதிரி இருக்கும். கூடவே மணிக்கணக்குல டிராஃபிக் ஜாம். வளைவு எடுக்க ஆசைன்னா வார நாள்ல, விடியற்காலையில போங்க.

* கார் இல்லையா? நிக்கோ ஸ்டேஷன்லேர்ந்து சூசென்ஜி ஏரிக்கு பஸ் இருக்கு. கூட்டம் இல்லாத நாள்ல முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். அவ்வளவு பெரிய பஸ்ஸை அந்த வளைவுகள்ல ஒடிக்கிற டிரைவருக்கு ரெண்டே ரெண்டு சக்கரம்தான் திரும்புது, மறந்துடாதீங்க!

* இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருந்தா வாடகைக் கார் எடுக்கலாம். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும்.

* அதே மாகாணத்துல இருக்கிற மோட்டேகியில, மோட்டோ ஜிபி நடக்குற டிராக்கும் ஹோண்டா மியூசியமும் ஒரே வளாகத்துல இருக்கு. ஒரு முழு நாள் ஒதுக்குங்க.