அக்கா போட்ட கிளிப்

5,600 டாலர். எடிசனில் நான் பார்த்த பல் மருத்துவர் அந்தத் தொகையை வாயால் சொல்லவில்லை. வரவேற்பறைப் பெண் அச்சடித்த தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். நாற்பத்தாறு வயதில் என் தெத்துப்பல்லை வரிசைக்குள் தள்ளுவதற்கான விலை அது.

பெரிய காரணம் ஒன்றுமில்லை. கோவிட்டுக்குப் பிறகு வாடிக்கையாளர் கூட்டங்கள் எல்லாம் திரையில்தான் நடக்கின்றன. நாள் முழுக்க என் முகத்தை நானே பார்த்துக்கொண்டிருந்ததில், சிரிக்கும்போது என் மேலுதடு தானாக இறங்கி அந்தப் பல்லை மறைப்பது தெரிந்தது. இத்தனை வருடம் அது எனக்குத் தெரியாது.

அலுவலகக் காப்பீட்டில் பல் வரிசைக்கு 1,500 டாலர் உண்டு. ஆயுளுக்கு ஒரு முறை, அதுவும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். வரிக்கு முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் எஃப்.எஸ்.ஏ. கணக்கில் 2024ஆம் ஆண்டின் உச்சவரம்பான 3,200 டாலரையும் போட்டேன். மீதி 2,400, மாதம் நூறு வீதம் இரண்டு வருடத் தவணை. ஊரில் செய்தால் பாதிதான் ஆகும் என்றார் மனைவி. மூன்று வார விடுமுறையில் பல் நகராதே!

பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் உறை. வாரத்துக்கு ஒன்றாக 34 உறைகள். ஒவ்வொன்றும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும். ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். காபிக்குக் கழற்ற வேண்டும், முறுக்குக்குக் கழற்ற வேண்டும், பல் துலக்கிய பிறகுதான் திரும்ப மாட்டலாம். இந்தத் தொல்லைக்காகவே நொறுக்குத்தீனியை விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயில் உணவகத்தில் காகிதத்தில் சுற்றி வைத்த உறையைத் தயிர்சாதத் தட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் தொட்டியைக் கிளறியதைத் தெரிந்தவர்கள் நான்கு பேராவது பார்த்திருப்பார்கள்.

முதல் வாரமே மதுரையிலிருந்து அக்கா பிடித்துவிட்டாள்.

“என்னடா, பேச்சு குழறுது?”

சொன்னேன். தொகையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“எனக்கு எவ்வளவு ஆச்சுன்னு தெரியுமா?”

1994இல் அக்காவுக்கு இருபத்தொரு வயது. விருதுநகரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, “பொண்ணு நல்லாத்தான் இருக்கு, பல்லுதான்...” என்று இழுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே அப்பா பி.எஃப். கடன் எடுத்து அவளுக்குக் கிளிப் போட வைத்தார். அதற்காக நல்ல பற்கள் நான்கைப் பிடுங்கினார்கள். நான் அவளைத் ‘தண்டவாளம்’ என்று கூப்பிட்டேன். என் வாயிலும் அதே பல் இருந்தது. ஆம்பளைப் பிள்ளைக்கு அது அதிர்ஷ்டம் என்றாள் பாட்டி.

“அந்தப் பணம் எம்.எஸ்சி. சேர வெச்சிருந்ததுடா. ஏழாயிரம். அப்புறம் படிச்சுக்கலாம்னாரு.”

எனக்கு இது தெரியாது. 2000இல் வீட்டை அடமானம் வைத்து அப்பா என்னை அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு அனுப்பியது மட்டும் தெரியும். அந்தக் கதையை இங்கே எத்தனையோ விருந்துகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அக்கா குறையாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்கு சரிபார்ப்பது போலத்தான் சொன்னாள். அதைக் கேட்கத்தான் எனக்குச் சிரமமாக இருந்தது.

“கல்யாணமாகி வரும்போது அந்தத் தட்டு எங்கேயோ தொலைஞ்சு போச்சு. ரெண்டே வருஷத்துல பல்லு பழைய இடத்துக்கே வந்திடுச்சு.”

வீடியோவுக்கு மாறச் சொன்னேன். இருபது வருடமாகப் பார்க்கும் முகம்தான். பல் அங்கேயே இருந்தது, பாதித் திரும்பி.

“உனக்கும் நான் கட்டறேன்க்கா. மதுரையிலயே போட்டுக்கலாம்.”

“இனிமே யாருடா பொண்ணு பார்க்க வர்றா?” என்று சிரித்தாள். உதட்டை இறக்காமல்தான் சிரித்தாள். “பொண்ணு ரெண்டாவது வருஷ ஃபீஸ் ஜூன்ல கட்டணும். குடுக்கணும்னா அதுல கொஞ்சம் குடு.”

கொடுத்தேன். 34 உறைகளும் போன மாதம் முடிந்தன. இனி ஆயுளுக்கும் இரவில் ரிடெய்னர் போட வேண்டும். அது உடைந்தால் மாற்றுவதற்கு இன்னொரு நானூறு டாலர். ராத்திரி ஒன்பதரைக்கு, அவள் காலை வேலை தொடங்கும் நேரத்தில், வாட்ஸ்அப்பில் அக்காவிடமிருந்து ஒரு வரி வரும்: “தட்டு போட்டியா?”