மரை போன ரீல்

முதலில் அந்தத் திருகை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார், கண்ணு. அதன் மரையில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் பள்ளங்களுக்குள் வெள்ளையாக, மெலிசாக ஏதோ சுற்றியிருக்கும். அது உன் தூண்டில் ரீலின் உடம்பிலிருந்து பிய்ந்து வந்த அலுமினியம்.

திருகு துருவேறாத எஃகு. ரீலின் உடம்பு வார்ப்பு அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் கெடுவது எப்போதும் மென்மையானதுதான். எஃகுக்கு எதுவும் தெரியாது. அது மினுமினுப்பாக வெளியே வரும். குமாரபாளையத்துத் தறிக்கூடங்களில் ஃபிட்டராகவே காலத்தைக் கழித்தவன் நான். இதை இரும்பில் மட்டும் பார்க்கவில்லை. கை ஓங்கியவன் தன் பலத்தின் அளவைத் தானே பார்த்து நிறுத்தாவிட்டால், சேதம் எதிரில் இருப்பவனிடம்தான் விழும். அடித்தவனுக்கு அது கடைசியில்தான் தெரியவரும். முதலாளி ஆளிடமும், அப்பன் பிள்ளையிடமும் இப்படித்தான். நாளைக்கு நீ நாலு பேரை வைத்து வேலை வாங்கப்போகிறவன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

“கொஞ்சம்தான் இறுக்கினேன் அப்புச்சி, திடீர்னு லூசாயிருச்சு” என்றாய். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. ஒரு திருகின் எல்லா மரையும் சமமாகச் சுமப்பதில்லை. தலைப்பக்கமாகப் பிடிக்கிற முதல் மரையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே போகப் போகப் பங்கு குறைந்துகொண்டே வரும். போன மாதம் நீ இறுக்கியபோதே அந்த முதல் மரை சாய்ந்திருக்கும். அதன் பாரம் இரண்டாவதன்மேல் விழுந்தது. அது விட்டதும் மூன்றாவது. கடைசி மரை கிழிந்த நாள்தான் உன் கைக்குத் தெரிந்த நாள்.

இறுக்குவதைவிட ஆரம்பிப்பதில்தான் கவனம் வேண்டும். திருகை ஓட்டையில் வைத்ததும் வலப்பக்கம் திருப்பாதே. லேசாக அமுக்கிக்கொண்டு இடப்பக்கம் திருப்பு. ஓரிடத்தில் ‘டிக்’கென்று ஒரு மயிரிழை கீழே இறங்கும். இரண்டு மரையின் வாயும் அங்கேதான் ஒன்றையொன்று பார்க்கின்றன. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பு. முதல் மூன்று சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் கோணலாக நிற்கிறது. கழற்றி மறுபடி வை. பிளாஸ்டிக் உடம்புள்ள ரீலுக்கு இது இன்னும் முக்கியம். அதில் தப்பாக வைத்தால் திருகு பழைய தடத்தை விட்டுப் புதுத்தடம் வெட்டிவிடும்.

இன்னொன்று, திருகு தொலைந்துவிட்டது என்று டப்பாவில் கிடைத்ததை எடுத்துப் போடாதே. எங்கள் பழைய தறிகளில் அங்குல மரை, புதிதாக வந்த உதிரிகளில் மில்லிமீட்டர் மரை. கால் அங்குல போல்ட்டும் ஆறு மில்லி போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், பழைய விட்வொர்த் மரையில் அங்குலத்துக்கு 20 மரை. ஆறு மில்லியில் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 25க்கும் மேல். மரையின் கோணமும் வேறு: அதில் 55 பாகை, இதில் 60. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841இல் பொதுவான அளவு ஒன்றை முன்வைக்கும்வரை பட்டறைக்குப் பட்டறை மரை வேறாக இருந்தது. அவ்வளவு பாடுபட்டு ஒழுங்குக்குக் கொண்டுவந்ததை ஒரு நீள ஸ்பேனரால் கெடுத்துவிடலாம். ஸ்பேனர் கையில் இருந்தால் பொருந்தாததும் ஏறத்தான் செய்யும்.

சரி, போனதற்கு வழி பார்ப்போம்.

ஒரு மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஆழத்தை அள. பல நேரம் திருகு பாதி ஆழம்தான் போயிருக்கும், அடியில் மரை பழுதில்லாமல் இருக்கும். அப்படியானால் இரண்டு மில்லி நீளமான திருகு ஒன்றே போதும். அடிமட்டத்தில் முட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்.

அடியிலும் போயிருந்தால் பெரிய திருகுக்குப் போகலாம். மூன்று மில்லி போய் நான்கு மில்லி: 3.3 மில்லிமீட்டர் துளை, பிறகு மரை வெட்டும் டேப். ஆனால் ஓட்டையைச் சுற்றிச் சதை வேண்டும். உன் ரீலில் சுவர் மெலிசு, வெடித்துவிடும். அதற்கு ஹெலிகாயில்தான் நல்லது. பைக் மெக்கானிக்குகளைக் கேள், ‘பிளக் மரை போயிருச்சு’ என்று வருகிற அலுமினிய ஹெட்டுக்கு அதைத்தான் போடுவார்கள். சாய்சதுர வெட்டுமுகம் உள்ள எஃகுக் கம்பியின் சுருள் அது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டிச் சுருளை உள்ளே ஏற்றினால், பழைய மூன்று மில்லித் திருகே மறுபடி பிடிக்கும். இனி எஃகும் எஃகும் உரசிக்கொள்ளும், அலுமினியத்துக்கு அடி விழாது. மரை முன்பைவிட உறுதியாக நிற்கும். சுருளின் அடியில் குறுக்காக ஒரு நாக்கு இருக்கும். அதை ஒடித்து வெளியே எடுத்தாயா என்று இரண்டு முறை பார். உள்ளே விழுந்தால் பல்சக்கரம் போய்விடும்.

டேப் அடிக்கும்போது மண்ணெண்ணெய் நாலு சொட்டு விடு. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அப்போதுதான் சீவல் ஒடிந்து வழிவிடும். டேப் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. ஓட்டைக்குள் ஒடிந்தால் அதைத் துளைத்தெடுக்கச் சாதாரண டிரில்லால் முடியாது. கை கனக்கிறது என்று தெரிந்த அந்த நொடியே நிறுத்து.

பாரம் தாங்காத பக்கமூடிக்கு அரால்டைட்டும் போதும். திருகுக்கு மெழுகு தடவி, பசை நிரப்பிய ஓட்டையில் நேராக நிறுத்தி, ஒருநாள் முழுக்கத் தொடாமல் விட்டுக் கழற்றினால் மரை பதிந்திருக்கும். ரீலைத் தண்டில் பூட்டுகிற அடிக்காலுக்கு மட்டும் இது ஆகாது.

காவிரிக் கதவணைத் தண்ணீரில் ஜிலேபியும் கெண்டையும் பிடித்துவிட்டு ரீலை ஈரத்தோடு பையில் போடுகிறாய். எஃகும் அலுமினியமும் ஒட்டிய இடத்தில் ஈரம் நின்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். சாயக்கழிவின் உப்பு கலந்த ஓரங்களில் இது இன்னும் வேகம். காவிரியை இந்த நிலைக்கு விட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. பூட்டுமுன் திருகு மரையில் பொட்டளவு கிரீஸ் வை.

கைப்பிடியைக் கழற்றுமுன் மரையின் சாய்வைப் பார். சைக்கிளின் இடப்பக்கப் பெடல் போல சில ரீல்களின் கைப்பிடியில் இடமரை உண்டு. திருகை நிமிர்த்திப் பிடிக்கும்போது மரை வலப்பக்கமாக மேலேறினால் சாதாரண மரை, இடப்பக்கமாக ஏறினால் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

மூன்று மில்லிச் சுருளும் டேப்பும் ஈரோட்டில் வாங்கி வந்துவிடு. துளையை நீயே போடு, நான் பக்கத்தில் நிற்கிறேன்.