மண்ணெண்ணெயில் ஓடிய ஊர்

வவுனியாவிலிருந்து ஏ-9 சாலையில் வடக்கே போனால், ஆனையிறவைத் தாண்டியதும் பனைமரங்கள் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாடு தொடங்குகிறது. நகருக்குள் ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் ஸ்கூட்டரில் சாதாரணமாகப் போய் வருகிறார்கள். புடவையோடும் ஹிஜாபோடும் ஏறி அமரத்தக்க இந்த வண்டியின் பூர்வீகம் இத்தாலி.

இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கு ஆளான பொந்தெதேரா ஊரின் விமானத் தொழிற்சாலைக்கு மாற்றுத் தொழில் தேவைப்பட்டது. பியாஜியோ நிறுவனத்துக்காக விமானப் பொறியாளர் கொராதினோ தஸ்கானியோ வடிவமைத்த 'வெஸ்பா' 1946இல் வெளிவந்தது. வெஸ்பா என்றால் குளவி. கால்களுக்கு முன்னே திறந்த இடம், உடையில் எண்ணெய் படாதபடி மூடிய எஞ்சின், சங்கிலி கிடையாது. மறு ஆண்டு மிலான் நகரிலிருந்து லாம்ப்ரெட்டா வந்தது. 1948இல் வந்த மூன்று சக்கர வண்டிக்கு 'ஆப்பே', அதாவது தேனீ என்று பெயர். திருமறையில் ஓர் அத்தியாயத்தின் பெயராக விளங்கும் அதே தேனீதான்! நம் தெருக்களில் ஓடும் ஆட்டோவுக்கு அதுவே மூதாதை.

பழைய வெஸ்பாவைப் பேணுவது குழந்தையைப் பேணுவது போலத்தான். அதன் எஞ்சினுக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். பிற்கால மாடல்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. 1950களின் வண்டிகளுக்கு அதைவிட அதிகம். கலக்க மறந்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். உடல் முழுதும் இரும்புத் தகடு என்பதால், கடற்காற்று வீசும் ஊரில் துருவையும் கவனிக்க வேண்டும்.

1990களில் குடாநாட்டுக்குப் பெட்ரோல் தடை செய்யப்பட்டது. மக்கள் சோர்ந்துவிடவில்லை, மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டரில் பீய்ச்சிக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கண்ணைக் கரிக்கும். பிளக்கில் கரி படியும். கழற்றித் துடைத்து மறுபடி ஓட்டினார்கள்.

ஆனால் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் சோனகத் தெருவில் நம்மவர் இல்லை. இரும்புக்கடை, லொறித் தொழில் என்று வாழ்ந்த யாழ்ப்பாண முஸ்லிம்களை 1990 அக்டோபர் 30 அன்று ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். பணம், நகை, வண்டி, வீடு அனைத்தும் பறிபோயின. அந்த அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் சுமார் 75,000 பேர் இவ்வாறு விரட்டப்பட்டனர். பலருக்குப் புத்தளத்து ஓலைக் குடிசைகளே புகலிடமாயின. அங்கே அடுப்பு மூட்டிக் குடும்பங்களைக் காத்தவர்கள் நம் தாய்மார்களே.

2002இல் பாதை திறந்தபோது சிலர் திரும்பினர். 2006இல் மறுபடி மூடப்பட்ட பாதை, 2009இல் போர் முடிந்த பிறகே திறந்தது. வந்தவர்கள் கண்டது கூரையில்லாச் சுவர்களும் புதர் மண்டிய முற்றங்களும். இன்று ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் மீண்டும் பாடம் நடக்கிறது. ஐந்து சந்திப் பக்கம் பாங்கோசை கேட்கிறது. ஆனாலும் புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே சொந்த ஊராகிவிட்டது. பல குடும்பங்கள் இன்னும் திரும்பவில்லை.

நின்றுபோன எஞ்சினைக் கிளப்பக் கொஞ்சம் பெட்ரோல் போதும். பெயர்ந்த சமூகம் மீண்டும் வேரூன்ற வீடு வேண்டும், தொழில் வேண்டும், அண்டை வீட்டாரின் மனமும் வேண்டும். யாழ்ப்பாணம் செல்லும் சகோதரிகள் நல்லூரையும் கோட்டையையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், சோனகத் தெருவுக்கும் ஒரு நடை போய், அங்குள்ள பெண்களிடம் ஸலாம் சொல்லி நலம் விசாரித்து வாருங்கள்.