முளைப்பாரி சொன்ன சேதி

கல்யாணமாகிப் பத்து வருஷம் புனேயிலேயே ஓடிவிட்டது. புகுந்த வீடான பரவைக்கு எத்தனையோ தடவை போயிருந்தாலும், அம்மன் திருவிழாவுக்கென்று போனது போன வருஷம்தான்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிற ஊர். 2003-ல் வந்த 'தூள்' படத்தில் பாடி நடித்த பரவை முனியம்மாவின் ஊர் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். 2020-ல் அவர் காலமாகிவிட்டார். ஆனால் ராத்திரி வேளையில் பெண்கள் பாடிக்கொண்டே கும்மி கொட்டும்போது, அந்தக் கணீர்க் குரல் இந்த மண்ணுக்கே சொந்தமோ என்று தோன்றும்.

முளை போடுவது பெண்கள் காரியம். மண் சட்டியில் வைக்கோலும் மக்கின சாணமும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வெளிச்சம் படாததால் பச்சை பிடிக்காமல் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று வளர்ந்துவிடும்.

"முளை செழிச்சா குடும்பம் தழைக்கும்" என்று யாரோ சொன்னது என் மனசில் தைத்துவிட்டது. எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. விரதமிருந்து நானும் ஒரு சட்டி போட்டேன்.

கடைசி நாள் கதவைத் திறந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லாச் சட்டியும் அடர்ந்து நிற்க, என்னுடையதில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு முளை!

என் கணவரின் அப்பத்தா பக்கத்தில் வந்தார். "பயறு எங்கே வாங்குனே தாயி?"

"புனேயிலிருந்து கொண்டுவந்தேன் அப்பத்தா. டப்பாவிலே ஒரு வருஷமா இருந்தது."

"அதான் பார்த்தேன்! வண்டு அரிச்ச பயறு மொளைக்கலேன்னா அதுக்கு நீ ஏன் அழுகுறே? மொளை போடுறது விதை நல்லதான்னு பார்க்கத்தான் தாயி. பொம்பளையைச் சோதிக்க இல்லே. ஊருக்குப் போனதும் புருஷனும் பொண்டாட்டியுமாச் சேர்ந்து டாக்டரம்மாவைப் பாருங்க. நீ மட்டும் போகாதே."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் சட்டியிலிருந்து ஒரு பிடி முளையை வேரோடு எடுத்து என்னுடையதில் நட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பிடி வைத்தார்கள். நிறைந்த சட்டியைத் தலையில் சுமந்து, குலவைச் சத்தத்துக்கு நடுவே ஊர்வலத்தில் நடந்தேன். பிறகு எல்லாருமாகத் தண்ணீரில் கரைத்தோம்.

ஊர் திரும்பியதும் முதன்முறையாக என் கணவரும் என்னோடு பரிசோதனைக்கு வந்தார். இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் ஆஸ்பத்திரி படியேறிக்கொண்டிருந்தேன். சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, பலன் இனிமேல்தான் தெரியவேண்டும். ஆனால், 'குறை என்னிடம்தான்' என்று நானாகவே சுமந்த பாரத்தை அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டு வந்துவிட்டேன்.