தெள்ளுப்பூச்சி பாடும் தெரு!

ஹவாய்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? நீலக் கடல், சர்ஃபிங் போர்டு, கழுத்துல பூமாலை. பின்னணியில 'டிங்... டிங்...'னு ஒரு குட்டி கிடார். அந்தக் குட்டிக்குப் பேர்தான் யுகுலேலே. உலகத்துல பாதிப் பேர் அதைப் பொம்மைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவங்க ஒரே ஒரு தடவை ஹொனலுலுவோட சௌத் ஸ்ட்ரீட் பக்கம் போயிட்டு வந்தா போதும்!

வைகிகி பீச் ஓரக் கடைகள்ல பூப்படம் வரைஞ்ச மலிவு யுகுலேலேக்கள் தொங்கும். ஊருக்குத் திரும்புறப்ப வாங்கிட்டுப் போய் ஷோகேஸ்ல வைக்கலாம். ஆனா, காது இருக்கிறவங்க அங்கிருந்து நகரத்துப் பக்கமா, ககாகோ ஏரியாவுக்கு வருவாங்க. சுத்தி எங்க பார்த்தாலும் வானத்தை முட்டுற அபார்ட்மென்ட்கள். அதுக்கு நடுவுல 550, சௌத் ஸ்ட்ரீட்ல இருக்கு 'கமாக்கா' யுகுலேலே பட்டறை. 1959-லிருந்து இதே விலாசம்தான். முன்பக்கம் கடை, உள்ளே மரத்தூள் வாசனை.

இந்த வாத்தியத்தோட பூர்வீகம் ஹவாய் இல்லைங்கிறதுதான் முதல் ஆச்சரியம். 1879 ஆகஸ்ட்ல போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து 'ரேவன்ஸ்கிராக்'னு ஒரு கப்பல் ஹொனலுலு வந்து சேர்ந்தது. அதுல 400-க்கும் மேற்பட்டவங்க, கரும்புத் தோட்டத்துல கூலி வேலை பார்க்க ஒப்பந்தம் போட்டு வந்தவங்க. அவங்கள்ல மூணு பேர் மர வேலை தெரிஞ்ச ஆசாரிகள்: மானுவல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டூ எஸ்பிரிட்டோ சான்டோ. தோட்ட வேலை முடிஞ்சதும் மூணு பேரும் ஹொனலுலுவுல கடை போட்டாங்க. மதேராவுல வாசிக்கிற 'மச்செட்டே'ங்கிற சின்ன வாத்தியத்தை ஹவாய் மரத்துல செஞ்சு பார்த்தாங்க. அப்படிப் பிறந்ததுதான் யுகுலேலே. அப்போ ஆண்ட மன்னர் கலாகவாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஹூலா நடனத்தோட சேர்ந்து அரண்மனைக்குள்ளேயே நுழைஞ்சிடுச்சு!

பேருக்கு என்ன அர்த்தம்? ஹவாய் மொழியில 'குதிக்கிற தெள்ளுப்பூச்சி'ன்னு சொல்வாங்க. வாசிக்கிறவர் விரல் அப்படித் துள்ளுமாம். கடைசி ராணி லிலியுகலானி மட்டும், 'இங்கே வந்த பரிசு'ன்னு அழகா வேற விளக்கம் சொன்னாங்க.

1915-ல சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில ஹவாய் இசை சக்கைப்போடு போட, அமெரிக்கா முழுக்க யுகுலேலே பைத்தியம் பிடிச்சது. பெரிய பெரிய கம்பெனிகள் மெஷின்ல செஞ்சு குவிச்சாங்க. அந்த நேரத்துலதான், நூனெஸ்கிட்ட தொழில் கத்துக்கிட்ட சாமுவேல் கமாக்கா, 1916-ல தன் வீட்டு அடித்தளத்துல ஒரு சின்னப் பட்டறை ஆரம்பிச்சார். எட்டு மாதிரி இடுப்பு ஒடுங்கின வடிவத்தை விட்டுட்டு, அன்னாசிப் பழம் மாதிரி முட்டை வடிவத்துல ஒண்ணு செஞ்சு, 1928-ல அதுக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

இனிமேதான் நம்ம செட்டுக்கான மேட்டர். அவர் மகன் சாமுவேல் ஜூனியர், பூச்சியியல்ல பிஹெச்.டி. பண்ணிக்கிட்டிருந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு தகவல். 1953-ல அப்பா இறந்தும் போயிட்டார். மகன் முன்னாடி ரெண்டே வழி: டாக்டர் பட்டமா, பட்டறையா? படிப்பை நிறுத்திட்டு உளியைக் கையில எடுத்தார். அப்பா விட்டுட்டுப் போன கட்டளை ஒண்ணுதான். குடும்பப் பேரைப் போட்டுச் செய்யறதா இருந்தா, குப்பையைச் செய்யக் கூடாது! பூச்சி ஆராய்ச்சிக்குப் போக வேண்டியவர், தெள்ளுப்பூச்சியைக் காப்பாத்தப் போயிட்டார்னு வெச்சுக்கலாம்.

சரி, குப்பைக்கும் நல்லதுக்கும் என்ன வித்தியாசம்? முதல்ல மரம். 'கோவா'ன்னு ஒரு மரம், ஹவாய்த் தீவுகள்ல மட்டும்தான் இயற்கையா வளரும். நம்ம கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதை வெட்டின கையோட இழைக்க மாட்டாங்க. வருஷக்கணக்குல காய விடுவாங்க. ஈரம் இருந்தா பின்னாடி பலகை வளையும், வெடிக்கும். அப்புறம் ஒரே துண்டை ரெண்டாப் பிளந்து, புத்தகம் மாதிரி விரிச்சு ஒட்டுவாங்க. ரெண்டு பக்கமும் ரேகைகள் கண்ணாடி பார்த்த மாதிரி பொருந்தும். பக்கவாட்டுப் பலகையைச் சூடு காட்டி வளைப்பாங்க. மேல் பலகை தடிமனா இருந்தா சத்தம் அமுங்கிடும், ரொம்ப மெல்லிசா இருந்தா தந்தி இழுத்து உடைச்சிடும். அந்த நடு அளவைக் கண்டுபிடிக்கிறதுதான் வித்தை.

இந்தப் பட்டறையில காது கேளாத ஊழியர்கள் பலர் வேலை பார்த்திருக்காங்க. இசைக்கருவி செய்யற இடத்துலயா? ஆமா! பலகையைத் தட்டி, விரல் நுனியில வர்ற அதிர்வை வெச்சே தடிமன் சரியா இல்லையான்னு சொல்லிடுவாங்களாம். காதால கேக்குறவங்களுக்குத் தப்புறது, அவங்க விரலுக்குத் தப்பாது.

விலை? ஆயிரம் டாலரைத் தாண்டும். 'அம்மாடி, நாலு தந்திக்கா!'ன்னு வாயைப் பிளக்காதீங்க. காய்ஞ்ச வருஷங்களுக்கும், தட்டிப் பார்த்த விரல்களுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. கோஅலோஹா, கனிலேயான்னு ஹவாய்ல இன்னும் சில நல்ல பட்டறைகளும் இருக்கு.

எங்கே வாங்கினாலும் சரி, கடையில ரெண்டு விஷயம் பாருங்க. ஒரு தந்தியை மீட்டிட்டு அது எவ்வளவு நேரம் நின்னு ஒலிக்குதுன்னு கேளுங்க. அப்புறம் வீணைக்கு மெட்டு மாதிரி இதுல இருக்கிற ஃபிரெட்களோட ஓரத்துல விரலை ஓட்டுங்க, குத்தக் கூடாது.

வாசிக்கத் தெரியாதேன்னு கவலையா? கீழ்த் தந்தியில மூணாவது ஃபிரெட்டை மோதிர விரலால அழுத்தி, நாலு தந்தியையும் ஒரு தடவை வருடுங்க. அதுதான் 'சி' கார்டு. ஒரே ஒரு விரல் போதும் பாஸ்!