பையில் எந்தக் கத்தி?

சிலிம் ரிவர் பக்கம் மலையேறப் போகும் தம்பிமார் சிலர் இடுப்பில் லெதர்மேன் வேவ் பிளஸ் மாட்டியிருக்கிறார்கள். 241 கிராம்! பிளையர், ரம்பம் எல்லாம் உண்டு. காட்டில் பிளையரால் எதை முறுக்கப் போகிறோம்? (சூடான சட்டியைத் தூக்கலாம் என்பார்கள். அதற்குப் பழைய துண்டு போதுமே.)

என் ஓட்டு விக்டோரினாக்ஸ் கிளாசிக்குக்குத்தான். நீளம் 58 மில்லிமீட்டர், எடை சுமார் 21 கிராம். மெகி பாக்கெட்டையும் பிளாஸ்டரையும் வெட்டக் கத்தரிக்கோல் இருக்கிறது. அதைவிட முக்கியம், பக்கத்தில் செருகியிருக்கும் குட்டிச் சாமணம். பிரம்பு முள் விரலில் ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

புதர் வெட்டுவது பாராங் வேலை; எந்த மடக்குக் கத்தியும் அதற்கு ஈடாகாது. ஆனால் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரயிலில் வருகிறவர்கள் பாராங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளூர் வழிகாட்டி கொண்டுவருவார், முன்னால் நடப்பதும் அவர்தானே.