ரிவெலின் ஆற்றின் இருபது சக்கரங்கள்

இங்கிலாந்தின் வடபகுதியில், ஷெஃபீல்டு நகரின் மேற்கு விளிம்பில் ரிவெலின் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. ஹாலம் மேட்டுநிலத்தில் பிறந்து, மாலின் பிரிட்ஜ் என்னும் இடத்தில் லாக்ஸ்லி ஆற்றோடு கலந்துவிடும். பிறப்பிலிருந்து முடிவுவரை ஒரே பகலில் நடந்துவிடக்கூடிய தூரம்தான். வழி நெடுக ஓக், பிர்ச், ஆல்டர் மரங்கள். வசந்தத்தில் காட்டுப்பூண்டின் வாசனை. கற்களுக்கிடையே சலசலக்கும் பழுப்புநிறத் தண்ணீர். வார இறுதியில் குழந்தைகளோடு வருகிறவர்கள் இதை மனிதக் கை படாத இடம் என்று நம்பிவிடுவது இயல்பு. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் மனிதக் கை படாத இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். இங்கே நிலவும் அமைதி, உழைத்துத் தீர்ந்தவர்கள் விட்டுச்சென்ற சொத்து. அவர்கள் கட்டியவற்றைப் பேணாமல் அந்த அமைதியை மட்டும் காப்பாற்ற முடியாது என்பதே என் வாதம். அதற்கான சான்றுகளை ஆறே தன் வழியில் வரிசையாக வைத்திருக்கிறது.

தொடக்கம் மேட்டுநிலத்துக் கரிச்சதுப்பில். பாசியும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த கரிமண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு சிறிய ஆற்றில் மழை நின்ற பிறகும் தண்ணீர் வருகிறது. அடியில் இருப்பது கரடுமுரடான மணற்கல். அதை அறுத்துக்கொண்டு இறங்குவதால் ஆற்றுக்கு நல்ல சரிவு. நின்று கசியும் நீரும் செங்குத்தான சரிவும் ஒரே இடத்தில் கிடைத்தால், நிலக்கரி எஞ்சினுக்கு முந்தைய உலகில் அது ஆற்றல் வளம். பள்ளத்தாக்கின் தலையில், 1840-களில், வளர்ந்துவந்த நகரத்தின் குடிநீர்த் தேவைக்காக ஷெஃபீல்டு வாட்டர்வொர்க்ஸ் நிறுவனம் மேலும் கீழுமாக இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டியது. ஆற்றை மறித்தால் கீழே இருந்த ஆலைகளின் சக்கரங்கள் நின்றுவிடும். எனவே கீழ்த்தேக்கம், ஆலைக்காரர்களுக்கு ஈடாகத் தண்ணீர் விடுவதற்கென்றே அமைந்தது. அந்த ஏற்பாட்டுக்குப் பின் ரிவெலின் தன் போக்கில் ஓடும் காட்டாறாக இல்லை. மதகிலிருந்து எவ்வளவு விடப்படுகிறதோ, பெரும்பாலும் அவ்வளவே அணைக்குக் கீழே ஆறாக ஓடுகிறது. காடு தொடங்கும் முன்பே ஆற்றின் அளவைத் தீர்மானித்தது ஆலைகளின் நீருரிமை.

அணைகளைத் தாண்டி இறங்கினால் ஆலைகள் நின்ற இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஹைண்ட் வீல், ஃபிராங்க் வீல், பிளாங்க் வீல், வுல்ஃப் வீல், ஸ்வாலோ வீல், ஸ்பூனர் வீல், லிட்டில் லண்டன் வீல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் நீளத்தில் இருபது ஆலைகள், அவற்றுக்கு இருபத்தொரு குளங்கள். மாவாலையும் காகித ஆலையும் இருந்தன. பெரும்பாலானவை கத்தியும் பிற கருவிகளும் சாணை பிடிக்கும் பட்டறைகள். அமைப்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆற்றின் குறுக்கே கல்லால் ஒரு தடுப்பணை. அதன் பக்கவாட்டில் பிரியும் வாய்க்கால். வாய்க்கால் நிரப்பும் குளம். குளத்தின் மதகு திறந்தால் சக்கரத்தின் மேல் விழும் தண்ணீர். வேலை முடிந்த தண்ணீர் மீண்டும் ஆற்றுக்குள். அடுத்த சில நூறு அடியில் அதே தண்ணீரை இன்னொரு தடுப்பணை பிடித்துக்கொள்ளும். மேல் ஆலை மதகை மூடினால் கீழ் ஆலைக்காரர் காத்திருக்க வேண்டும். ஆலைகளை நடத்தியவர்களும் அவர்களிடம் சாணைக்கல் வாடகைக்கு எடுத்தவர்களும் ஒரே நீரைப் பங்கிட்டு வாழ்ந்த ஏற்பாடு இது. ஏரிப்பாசனத்தில் மடைத்தண்ணீருக்கு முறை வைத்த ஊர்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதன் நுணுக்கமும் சச்சரவும் உடனே விளங்கும்.

இன்று பறவைகளையும் பிற உயிர்களையும் பார்க்க வருகிறவர்கள் தேடுவது எதை? குளத்தோரம் நிற்கும் சாம்பல் நாரை, மீன்கொத்தி, தும்பி, வசந்தத்தில் முட்டையிட வரும் தேரை. செங்குத்தாக இறங்கும் மலையாற்றில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு இயற்கையாக இடமே இல்லை. அந்த உயிர்களுக்கு இடம் கொடுத்தவை ஆலைக்குளங்கள். தடுப்பணைகளுக்குக் கீழே நுரைத்தோடும் நீரில் முங்கி இரை தேடும் டிப்பர் பறவை, ஈரக்கற்களின் மேல் ஓடும் சாம்பல் வாலாட்டி, இவையும் அந்தக் கட்டுமானத்தின் பயனாளிகளே. நடைபாதைகூடப் பல இடங்களில் வாய்க்கால் கரையின் மேலேயே போகிறது. ஆலைகளை மறந்துவிட்டு இந்தக் காட்டை விளக்க முயன்றால் நீரும் கரையும் பாதையும் விளக்கமில்லாமல் நிற்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கைவிடப்பட்ட ஈரமான பள்ளத்தாக்கு எதுவானாலும் ஐம்பது ஆண்டில் காடாகிவிடும். பெருமை மரங்களுக்கும் மனிதர்கள் விலகியதற்கும் உரியது, ஆலைகளுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பதிலுக்கு ஷெஃபீல்டின் மற்ற ஆறுகளைப் பார்த்தால் போதும். டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவெலின் என்று ஐந்தும் சக்கரம் சுற்றிய ஆறுகள்தான். நகரத்துக்கே பெயர் தந்த ஷீஃப் ஆற்றின் கடைசிப் பகுதி இன்று ரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கக் கால்வாயாக ஓடுகிறது. போர்ட்டர் ஓடையின் கீழ்ப்பகுதியில் சாலைக்கும் தொழிற்சாலைக்கும் அடியில் புதைந்த துண்டுகள் உண்டு. அதில் சிறு பகுதியை 2016-இல் மேலே திறந்துவிட்டார்கள். அந்த ஆறுகளின் ஓரத்தில் தொழில் வளர்ந்தது. வளர்ந்த தொழில் ஆற்றை விழுங்கியது. ரிவெலினில் தொழில் வளர இடமில்லை. குறுகிய தரை, சிறிய நீர், கால்வாயும் ரயிலும் எட்டாத மூலை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவி எஞ்சின் வந்து, பட்டறைகள் ஆற்றைவிட்டு நகரத்துக்குப் போகத் தொடங்கியபோது, இங்கிருந்த சிறு ஆலைகளால் போட்டியிட முடியவில்லை. ஆனாலும் உடனே சாகவுமில்லை. ஒரு சக்கரத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது, வாடகையும் குறைவு. அதனால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதிவரை சில சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பெரிதாகவும் முடியாமல், முற்றிலும் மறையவும் செய்யாமல் ஆலைகள் நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததால், ஆற்றோரத்து நிலமும் நீருரிமையும் அவ்வளவு காலம் வேறு எதற்கும் போகாமல் அவற்றின் பிடியிலேயே இருந்தன. தொழில் எங்கே சிறியதாகவே நின்றதோ, அங்கேதான் கைவிடுதல் காட்டைத் தந்தது.

அந்தப் பட்டறைகளுக்குள் நடந்ததை மென்மையாக்கிச் சொல்லக் கூடாது. போர்ட்டர் ஓடையில் புதுப்பித்து 2012-இல் மக்களுக்குத் திறந்த ஷெப்பர்டு வீலில் அந்த உள்ளமைப்பை இன்றும் பார்க்கலாம். தாழ்ந்த கூரை; வரிசையாகக் கல் சக்கரங்கள்; ஒவ்வொன்றுக்கும் பின்னால் மரக்கட்டையால் ஆன ஒரு சேணம். சாணைக்காரர் அதன்மேல் கால் அகட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து, சுழலும் கல்லில் எஃகை அழுத்துவார். கல்லின் அடிப்பகுதி தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி சுற்றும். மஞ்சள் சேறு மேலெல்லாம் தெறிக்கும். கல்லுக்குள் விரிசல் இருந்தால் வேகத்தில் வெடித்துச் சிதறும். அப்படி இறந்தவர்கள் உண்டு. அதைவிடக் கொடியது தூசி. ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னால்டு நைட் 1830-இல் சாணைக்காரர்களின் இளைப்புநோயைப் பற்றி எழுதினார். ஈரமில்லாத கல்லில் முள்கரண்டி தீட்டுகிறவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறக்கிறார்கள். ஈரக்கல்லிலும் உலர்கல்லிலும் சவரக்கத்தி தீட்டுகிறவர்கள் 40 முதல் 45க்குள். ஈரக்கல்லில் மேசைக்கத்தி தீட்டுகிறவர்கள் 40 முதல் 50க்குள். எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய தம் நூலில் எடுத்தாண்டது இந்த எண்களைத்தான்.

நைட் கவனித்த இன்னொன்று ரிவெலினைப் புரிந்துகொள்ள உதவுகிறது. நீராவிக்கு முந்திய ஆற்றோரப் பட்டறைகளில் நோய் இவ்வளவு கடுமையாக இல்லை. கோடையில் தண்ணீர் வற்றினால் வேலை நின்றது, சாணைக்காரருக்கு வேறு வேலையும் வெளிக்காற்றும் கிடைத்தன. நீராவிக்கு வறட்சி கிடையாது. நகரத்தில் ஒரே கூடத்தில் பல கற்களை நெருக்கி வைத்து ஆண்டு முழுக்க ஓட்டினார்கள். ஆக ஆற்றின் போதாமையே இங்கே உழைத்தவர்களுக்குக் கொஞ்சம் ஆயுளைக் கூட்டித் தந்தது. இதைச் சொல்லும்போது பழைய கிராமத் தொழிலைப் போற்றிப் பாடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஐம்பதில் சாவது முப்பதில் சாவதைவிட மேல், அவ்வளவே. ஆனால் நாம் இன்று இளைப்பாறும் இடத்தில் மூச்சுவிட முடியாமல் இறந்தவர்கள் இருந்தார்கள் என்பதை அழித்துவிட்டு அதைத் தூய இயற்கை என்று அழைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1875-இல் ஷெஃபீல்டின் உலோகத் தொழிலாளர்களுக்காக ஓர் அருங்காட்சியகம் தொடங்க எண்ணியபோது, வாக்லி மேட்டில், இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்ற ஒரு சிறு வீட்டைத் தேர்ந்தார். தொழிலாளர்கள் புகையைவிட்டு மேலேறி வந்து ஓவியங்களையும் கனிமங்களையும் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அப்போது கீழே சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அழகையும் உழைப்பையும் ஒரே சன்னலிலிருந்து பார்த்த தலைமுறை அது. பின்னால் ஈத்தல் ஹேதார்ன்த்வெய்ட்டும் அவருடைய நாட்டுப்புறப் பாதுகாப்புச் சங்கத்தினரும் 1924 முதல் போராடியதன் பயனாக, 1938-இல் ஷெஃபீல்டைச் சுற்றித் தற்காலிகப் பசுமை வளையம் ஏற்கப்பட்டது. மேற்குச் சரிவுகளில் வீட்டுமனைகள் இறங்கிவராமல் தடுத்தது அத்தகைய முடிவுகளின் தொடர்ச்சிதான். தானாக நேர்ந்ததாகத் தோன்றும் காட்டுக்குப் பின்னால் கூட்டங்களும் மனுக்களும் வரைபடங்களும் இருக்கின்றன.

இருக்கட்டும், இனியாவது ஆற்றை அதன் போக்கில் விடலாமே என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்கிறவர்கள் வெறும் கற்பனைவாதிகள் அல்லர். தடுப்பணைகள் டிரவுட் போன்ற மீன்கள் மேலேறி முட்டையிடுவதைத் தடுக்கின்றன. அவற்றை உடைத்தால் ஆறு உயிர்பெறும் என்பதற்கு மற்ற இடங்களில் நல்ல சான்று உண்டு. ஆனால் இங்கே உடைத்தால் வாய்க்காலுக்கு நீர் போகாது, குளம் வற்றும், அதை நம்பிய தேரையும் தும்பியும் போகும். மீனுக்கு வழி வேண்டும் என்றால் அணையின் ஓரத்தில் ஏறுவழி அமைக்கலாம். டான் ஆற்றில் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திருக்கிறார்கள். எதுவும் செய்யாமல் விட்டாலோ, குளங்களில் வண்டல் சேர்ந்து, முதலில் சேறாகி, பிறகு மேடாகி, அதில் ஆல்டர் முளைத்துவிடும். பல குளங்களுக்கு ஏற்கெனவே அந்தக் கதிதான். சக்கரக் குழிகளின் சுவர் இடுக்கில் வேர்விட்ட சைகமோர், தழைக்கும் ஒவ்வோர் ஆண்டும் கல்லைப் பெயர்க்கிறது. கரையெங்கும் இமாலய பால்சம் பரவியிருக்கிறது. நம் காசித்தும்பையின் இனமான இச்செடி 1839-இல் பிரிட்டனுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. மற்ற செடிகளை நெருக்கி அழித்துவிட்டுக் குளிர்காலத்தில் தானும் செத்துப்போவதால் கரை மொட்டையாகி, மண் கரைந்து குளத்தில் சேர்கிறது. அதைப் பிடுங்குவதும், வாய்க்காலைத் தூர்வாருவதும், மதகைச் சரிபார்ப்பதும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் செய்யும் வேலை. பழைய ஆலைக்காரர்கள் பிழைப்புக்காகச் செய்ததில் பாதியை இவர்கள் கூலியில்லாமல் செய்கிறார்கள். இருபத்தொரு குளங்களையும் மீட்க முடியாது, மீட்கவும் வேண்டாம். சிலவற்றைச் சதுப்பாகவே விடலாம். ஆனால் எதை விடுவது, எதைக் காப்பது என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும். இது காடுதானே என்று நினைப்பவர்கள் அந்த முடிவை எடுக்கவே மாட்டார்கள்.

கீழே இறங்க இறங்க ஆறு வீடுகளுக்கு நெருக்கமாக வருகிறது. சம்மட்டியை நீர்ச்சக்கரம் தூக்கிப்போட்ட வாக்லி பேங்க் டில்ட், உலகெங்கும் கொல்லர்களுக்குப் பட்டடைக்கல் அனுப்பிய மவுஸ்ஹோல் ஃபோர்ஜ், இவற்றைக் கடந்து மாலின் பிரிட்ஜில் ரிவெலின் முடிகிறது. இதே இடத்தில்தான் 1864 மார்ச் 11 இரவு, லாக்ஸ்லி பள்ளத்தாக்கின் மேல் புதிதாகக் கட்டிய டேல் டைக் அணை உடைந்து வந்த வெள்ளம் மிகக் கொடிய சேதத்தைச் செய்தது. மொத்தம் குறைந்தது 240 பேர் இறந்தார்கள். ரிவெலின் தேக்கங்களைக் கட்டிய அதே நிறுவனத்தின் அணை அது. அந்த இரவு இறந்தவர்களின் பெயர்கள் பட்டியலாயின, அந்த நாளும் நினைவில் நிற்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் தூசியால் ஒவ்வொருவராக இறந்த சாணைக்காரர்களுக்கு அப்படியொரு ஒற்றை நாள் வாய்க்கவில்லை. நடைபாதையில் ஆலைகள் நின்ற இடங்களில் அவற்றின் பெயரையும் விவரத்தையும் சொல்லும் பலகைகள் இருக்கின்றன. நைட் 1830-இல் எழுதிய வயதுகளையும் அவற்றில் பொறிக்க வேண்டும்: முள்கரண்டிக்கு 28 முதல் 32, சவரக்கத்திக்கு 40 முதல் 45, மேசைக்கத்திக்கு 40 முதல் 50.